கொடுக்கிற குடி, எடுக்கிற குடி

நோன்பு இருபத்தெட்டு அன்று பகல் இரண்டு மணிக்கு டிப்போவிலிருந்து வீடு வந்த நூஹு, தன் வீட்டுப் பின்வேலிக் கடப்படியில் ஓர் அரிசிச் சாக்கு நிற்பதைக் கண்டார். பக்கத்தில் காலிதீன் மரைக்கார் நின்றார். பொன்னாச்சி குடி என்கிற வம்சத்துக்குத் தலைவரான மரைக்கார் அவர். அந்தக் குடியில் இல்லாதப்பட்ட ஏழைகள் யார் யார் என்று பார்த்து, பெருநாளைக்கு முன் பித்ரா தர்ம அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. நூஹுவைக் கண்டதும் மரைக்காருக்கு முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. ஸலாம் சொன்னார். இந்த வருஷம் கச்சான் காற்று என்னமாய் அடிக்கிறது என்று அதையும் ஒரு பேச்சுப் பேசினார். பிறகு வந்த வழியே நடையைக் கட்டிவிட்டார். சாக்கு மட்டும் நின்றது.

மனுஷன் வீடு மாறி வைத்துவிட்டார் என்றுதான் நூஹு நினைத்தார். வேறென்ன நினைப்பது? முந்தாநாள்தானே இதே வீட்டு முன்வாசலில் வைத்துத் தன் குடி மரைக்கார் ஜவுபரிடம் ஒன்பது கொத்து அரிசியைப் பித்ராவாக அளந்து கொடுத்தார். தலைக்கு மூன்று கொத்து. அவர், மனைவி நாச்சியா, இளைய மகள் சுல்பிகா என்று மூன்று தலை. ஆண்மக்கள் இரண்டு பேரும் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டார்கள். முன்வாசலால் பித்ரா கொடுத்த வீட்டுக்குப் பின்வாசலால் பித்ரா வருமா? இப்படி ஒரு கூத்தை யாராவது கேள்விப்பட்டதுண்டா?

நாச்சியாவைக் கேட்கலாம் என்றால் அவள் வீட்டில் இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு பெண்களுக்கான மார்க்க பயானுக்குப் போயிருந்தாள். நூஹு சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது கொத்துக்குக் குறையாது. அதுவும் மூன்று தலைக்கு அளந்ததுபோலவே இருந்தது. நோன்பு மயக்கமோ என்று கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நூஹு சும்மா ஆளில்லை. இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவர். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் விடியற்காலை பஸ் என்றால் அது நூஹுவின் பஸ். அவர் ஊரான சாய்ந்தமருதில் அவரிடம் சொல்லியனுப்பாமல் கொழும்பிலிருந்து ஒரு மருந்துப் போத்தல் வந்ததில்லை. எல்லாம் போன வருஷம் கண் மங்கும் வரைக்கும்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு துண்டில் இரண்டு வரி எழுதினார். டிப்போவில் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தார்கள். வாசலில் இருந்து எந்த பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுத வேண்டும். பென்ஷன் இல்லாத வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடந்தது. ஓவர்டைம் இல்லை, படிக்காசு இல்லை, அடிச்சம்பளம் மட்டும். முன்னே வீட்டுக்கு வந்ததில் பாதி கூட வரவில்லை.

அதற்காக அவர் மூலையில் குந்திக்கொண்டு அழவில்லை. சிக்கனத்தைப் புது ரூட் பழகுகிற மாதிரிப் பழகினார். ரேடியோ பற்றரி செத்தால் வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் செய்தி கேட்டார். சவர்க்காரத்தை நூலால் இரண்டாக அறுத்தார். பால் தேநீர் போய்ப் பிளேன்டீ வந்தது. பிளேன்டீயில் சீனி போய், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்குவது வந்தது. பஸ் பாஸ் இலவசம் என்பதால் மலிவு மீனுக்கு ஒலுவிலுக்கும், மலிவுக் கீரைக்கு நற்பிட்டிமுனைக்கும் போய்வந்தார். அவர் ஏறினால் மீன் மணக்கிறது என்று கண்டக்டர்மார் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். சிகரெட்டை முதலில் பாதியாக முறித்தார், பிறகு அதையும் விட்டார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் நாச்சியாவின் கையில் வைத்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்பது அவர் எண்ணம். டிப்போவில் இளம் பொடியன்மாரைப் பிடித்துவைத்து, சிக்கனம் வேறு, இல்லாமை வேறு என்று விளக்கம் வேறு சொல்வார். தான் சிக்கனக்காரன், இல்லாதவன் அல்ல. அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை, அந்தச் சாக்கைக் காணும் வரைக்கும்.

அவர் சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு மிதித்தார். வேறு யாருக்கோ போக வேண்டிய அரிசி. பெருநாளைக்கு இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ. அந்த ஏழை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? இப்படி நினைக்க நினைக்க அவருக்குக் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

காலிதீன் மரைக்கார் பள்ளிவாசல் வெளிவிறாந்தையில் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நூஹு விஷயத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மரைக்கார் சிரிக்கவில்லை. கையிலிருந்த கொப்பியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வீடு மாறவில்லை என்றார்.

"அரிசி ஒங்களுக்கு வரல்ல காக்கா. நாச்சியா ராத்தாக்கு வந்த. அவ எங்கட குடி."

நூஹுவுக்கு விளங்கவில்லை. விளங்காததில் ஆச்சரியமும் இல்லை. இந்தக் கரையில் பிள்ளைக்குக் குடி தாய் வழியால் வருகிறது. நூஹு தன் உம்மாவின் சின்னலெப்பை குடி. நாச்சியா அவருடைய மாமன் மகள்தான், ஆனாலும் அவள் தன் உம்மாவின் பொன்னாச்சி குடி. பெற்ற பிள்ளைகளும் அவள் குடிதான். ஆகவே ஒரே கூரை, ஒரே அடுப்பு, மரைக்கார்மார் மட்டும் இரண்டு பேர். கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் இரண்டு பேரும் வந்து முன்னால் நிற்பார்கள். அதில் யாருக்கும் இடைஞ்சல் இருந்ததில்லை. நூஹு கொடுத்தது தன் குடியில். நாச்சியாவுக்கு வந்தது அவள் குடியில். சட்டப்படி எல்லாம் சரிபோலத்தான் கிடந்தது. ஆனால் எங்கோ பெரிய பிழை இருந்தது, அது எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நாச்சியா என் பெண்டாட்டி என்றார் நூஹு. அது உங்கள் கணக்கு, எங்கள் கணக்கில் அவள் பொன்னாச்சி குடி என்றார் காலிதீன். அப்படியென்றால் அவள் பெயரைக் கொடுத்தது யார் என்று நூஹு கேட்டார். மரைக்கார் அதை மட்டும் சொல்ல மறுத்தார். இல்லாதவர்களின் பெயரை யார் சொன்னது என்று வெளியில் விடுவது மரைக்கார்மாருக்கு அழகில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜவுபர் மரைக்கார் அசர் தொழுகைக்கு வந்து சேர்ந்தார். சும்மாவே மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் மனுஷன். நோன்பில் கேட்கவும் வேண்டுமா? சாக்கையும் நூஹுவின் முகத்தையும் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்ததும் குதித்துவிட்டார். தன் குடியில் தலைநிமிர்ந்து பித்ரா கொடுத்த மனுஷனின் வீட்டுக்குப் பித்ரா அனுப்பியது சின்னலெப்பை குடியையே கேவலப்படுத்திய வேலை என்றார். காலிதீனும் விடவில்லை. தன் குடிப் பெண்ணின் வயிற்றைப் பார்க்கத் தனக்கு ஜவுபரிடம் அனுமதி வேண்டியதில்லை என்றார். சண்டை இரண்டு குடிக்கும் நடுவில் போய்ப் பழைய நெற்காணி வழக்கு வரைக்கும் ஏறிவிட்டது. நடுவில் நின்ற நூஹுவை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

தொழுகை முடிந்ததும் மௌலவியிடம் போனார்கள். மௌலவி அமைதியான ஆள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். செலவு கொடுக்கிற புருஷன் இருக்கும் பெண்ணுக்குப் பித்ரா எடுக்க முடியாது என்றார். ஜவுபர் நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் புருஷன் கொடுப்பது போதாமல் இருந்தால் எடுக்கலாம் என்றார் மௌலவி. இப்போது காலிதீன் நிமிர்ந்தார். நாச்சியா எடுத்தது சரியென்றால் தான் செலவு கொடுக்காத புருஷன். தான் கொடுத்தது சரியென்றால் நாச்சியா ஏழைகளின் அரிசியைக் களவாக எடுத்தவள். முப்பது வருஷம் ஒரு வீட்டில் இருந்து, கடைசியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் மனுஷன் என்ன செய்வான்?

"ஒரே ஒரு கேள்விதான் காக்கா," என்றார் மௌலவி. "பெருநாளண்டு பகலும் ராவும் ஒங்கட வீட்டாக்கள் திண்டு மிஞ்சிறதுக்கு, குடுக்கக்குள்ள வீட்டில அரிசி இருந்திச்சா?"

பஸ்ஸின் டீசல் தொட்டிக்குள் தடியை விட்டுப் பார்த்து, இது பதியத்தலாவை வரைக்கும் காணும், மகியங்கனை வரைக்கும் காணாது என்று சொல்கிற மனுஷன் நூஹு. தன் வீட்டு அரிசிப் பானைக்குள் முப்பது வருஷத்தில் ஒரு தரம் கூட எட்டிப் பார்த்ததில்லை. பானை நிற்கும் மூலை கூடச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். ஜவுபருக்கு அது பிடிக்கவில்லை. இதைக்கூடப் பெண்டாட்டியிடம் கேட்டுத்தானா சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தார். காலிதீன் தரையைப் பார்த்தார். நோன்பு திறக்குமுன் வந்துவிடுங்கள், மூன்று பேரும் இங்கேயே இருக்கிறோம் என்றார் மௌலவி.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு ஒரே குழப்பம். அரிசி இருந்தது என்று நாச்சியா சொல்ல வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டது. அப்படிச் சொன்னால் அவர் பெயர் தப்பும். உடனே இன்னொன்று தோன்றியது. அப்படிச் சொன்னால் அவள் கள்ளியாகிவிடுவாளே, அதையா நான் கேட்கிறேன்? சரி, இல்லை என்று சொல்லட்டும் என்று நினைத்தார். அதற்கும் மனம் இடம் கொடுக்கவில்லை. பிள்ளையார் சந்தியில் திரும்ப வேண்டியவர் நேரே போய், கடற்கரை வீதியில் முட்டி, பிறகு திரும்பி வந்தார். இருபத்தேழு வருஷத்தில் வழி தப்பாத மனுஷன் தன் வீட்டுக்குப் போகிற வழியில் தப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாச்சியா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் கட்டியிருந்த சாக்கைக் கண்டதும் துருவுவதை நிறுத்தினாள். சுல்பிகாவைப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வாங்கிவர அனுப்பிவிட்டாள். நூஹு வாசற்படியிலேயே நின்றுகொண்டு, முந்தாநாள் ஒன்பது கொத்தை அளந்த பிறகு பானையில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டார்.

"பானையக் கவிட்டுத்தான் அளந்தன்," என்றாள் நாச்சியா. "அப்பவும் ஒம்பதாவது கொத்து நிறையல்ல மச்சான். வேலிக்கு அங்கால உம்முக்கிட்ட ஒரு சுண்டு வாங்கித்தான் நிரப்பின."

நூஹுவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏன் சொல்லவில்லை என்று கத்தினார். ஜவுபர் மரைக்காரை முன்வாசலில் வைத்துக்கொண்டு, நாச்சியா, தாராளமா அள என்று நீங்கள் சத்தம் போட்டது எனக்குக் குசினி வரைக்கும் கேட்டது, அந்த நேரம் நான் வெளியில் வந்து இல்லை என்று சொல்கிறதா என்று அவள் கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. இரண்டு நாளாக விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குக் குரக்கன் பிட்டு வந்ததும், அரிசிச் சோறு வயிற்றுக்குப் பாரம், இதுதான் சுகம் என்று தான் பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்து வெட்கமாகப் போயிற்று.

போன மாசிக்குப் பிறகு அரிசி எந்த மாதமும் முழுசாகக் காணவில்லை என்றாள் அவள். நெருப்புப்பெட்டி விலையிலிருந்து பாண் விலை வரைக்கும் ஏறியது சம்பளக் கவருக்குத் தெரியுமா? பெருநாள் முற்பணம் அவருடைய கண்ணாடிக்குப் போயிற்று. சம்பளம் பெருநாள் கழிந்துதான் வரும். திங்களும் வியாழனும் அவள் சுன்னத்தான நோன்பு பிடித்தாள். நாச்சியாவுக்குப் பக்தி கூடிவிட்டது என்று நூஹு டிப்போவில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்திருந்தார். அது பக்தி இல்லையா என்று இப்போது கேட்டார்.

"பக்திதான். அல்லாஹ்வுக்குத்தான் பிடிச்சன்," என்றாள். பிறகு தேங்காயைப் பார்த்துக்கொண்டு, "அரிசியும் மிஞ்சின," என்றாள்.

நூஹு படியில் உட்கார்ந்துவிட்டார். கிழமைக்கு இரண்டு நாள் தன் கண் முன்னால் ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள். அவர் அதை ஊருக்குச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறார். அழுகை வந்தது. யாரிடம் கோபிப்பது என்று தெரியவில்லை. அவளிடமா, தன்னிடமா, அந்தக் கண் டொக்டரிடமா? அவள்தான் காலிதீன் மரைக்கார் வீட்டுக்குப் போய்த் தன் வாயால் கேட்டிருக்கிறாள். நூஹுவின் குடியில் கேட்டால் நூஹுவின் பெயர் வரும். தன் குடியில் கேட்டால் தன் பெயர் மட்டும்தான் வரும். எப்போதும்போல அவர் ஐந்து மணிக்கு வந்திருந்தால் சாக்கு பானைக்குள் போயிருக்கும். கொடுத்தவர் கொடுத்தவராகவே பெருநாள் தொழுகைக்குப் போயிருப்பார். நோன்பென்று டிப்போவில் நேரத்தோடு விட்டதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பள்ளிவாசலில் மூன்று பேரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். மௌலவி கேட்ட கேள்வியையும் சொன்னார். நாச்சியா எழும்பிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அரிசி இருந்திச்செண்டு சொல்லுங்க மச்சான். நாந்தான் பேராசையில பிழையா எடுத்துட்டன் எண்டு போகட்டும். பொம்பிளையப் பத்தி ரெண்டு நாள் கதைப்பாங்க, மறுகா மறந்திருவாங்க. ஆம்பிளைட பேர் போனா மறக்கமாட்டாங்க. சுல்பிகாட கலியாணமும் கிடக்கி."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஊர் அப்படித்தான் கதைக்கும், அப்படித்தான் மறக்கும். அவர் சைக்கிளை எடுத்தார். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சாக்கை அவிழ்த்து வைப்பதா, கொண்டுபோவதா என்று கூடத் தெரியாமல், அது கட்டியபடியே இருக்க மிதித்தார்.

போகும் வழியில் கஞ்சி வாளியோடு வந்த சுல்பிகா, வாப்பா எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். பள்ளிக்கு என்றார். இருந்தது என்று சொல்வதாக அந்த இடத்தில் முடிவெடுத்தார். பள்ளிவாசல் மதில் வந்ததும் அந்த முடிவு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆட்கள் கிண்ணங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மௌலவியும் மரைக்கார்மார் இருவரும் விறாந்தை ஓரத்தில் தனியாக நின்றார்கள். ஜவுபர் மரைக்கார் அவரைப் பார்த்ததும், சொல்லுங்கள் காக்கா, சொல்லி இவரின் வாயை அடையுங்கள் என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். இருந்ததா என்று மௌலவி மெதுவாகக் கேட்டார். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று அவர் குரலைத் தாழ்த்தியது நூஹுவுக்கு விளங்கியது.

இருந்தது என்று சொல்லத்தான் நூஹு நாக்கைப் புரட்டினார்.

"இல்ல மௌலவி," என்று வந்தது. "குடுத்ததுதான் இருந்திச்சி. வேற ஒரு மணி இல்ல."

காலிதீன் மரைக்கார் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. மனுஷன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நூஹு சைக்கிளிலிருந்து சாக்கை அவிழ்த்து அவர் காலடியில் வைத்தார். நாச்சியாவின் பெயரை வெட்டிவிடச் சொன்னார். அவளுக்குச் செலவு கொடுக்கக் கடமைப்பட்டவன் நான், இல்லாதவனும் நான், அவள் அல்ல என்றார். காலிதீன் மறுத்தார். வந்த அரிசி வந்ததாகவே இருக்கட்டும், யாரும் யாரிடமும் கதைக்கப் போவதில்லை என்றார். நூஹு கேட்கவில்லை. அவர் தன் குடி மரைக்கார் பக்கம் திரும்பினார்.

"மரைக்கார், நான் ஒங்கட குடி. எடுக்கிற ஆக்கள் இரிக்கிற பக்கத்தில என்ட பேர எழுதுங்க."

கோபக்கார ஜவுபரின் கண் கலங்கியிருந்தது. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "வெளங்கித்தான் சொல்றீங்களா காக்கா?" என்று கேட்டார்.

"ஒண்டும் வெளங்கல்ல," என்றார் நூஹு. "நீங்க எழுதுங்க. வீட்டில மூணு பேர்."